கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்னால்...

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற சாலையில், காடாம்புலியூர் பக்கம், சீஸன் வந்துவிட்டால் ரோட்டோரமெல்லாம் பலாப்பழம்தான். உள்ளூர்க்காரர் ஒருத்தர் பழம் வாங்குகிற அழகைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எடுத்த எடுப்பில் விலை கேட்க மாட்டார். முதலில் பழத்தைத் தட்டுவார். சத்தம் பிடிக்கவில்லையென்றால் அடுத்த பழம். முள் விரிந்திருக்கிறதா என்று தடவுவார். காம்புப் பக்கம் மோந்து பார்ப்பார். கடைக்காரர் பொறுமை இழக்கிற கட்டத்தில்தான், "சரி, என்னா வெல சொல்ற?" என்று ஆரம்பிப்பார்.

அதே மனிதரின் பிள்ளை, மைனஸ் ஐந்து பவர் கண்ணாடி போட்ட இருபத்தைந்து வயது இளைஞர், லேசர் ஆபரேஷன் பற்றி விசாரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அவர் கையில் இருப்பது இரண்டே இரண்டு கேள்விகள்.

"எவ்ளோ சார் ஆகும்?"

"எப்ப சார் பண்ணலாம்?"

நூறு ரூபாய்ப் பழத்துக்கு அத்தனை சோதனை. ஆயுசுக்கும் இரண்டே இரண்டு என்று கொடுக்கப்பட்டிருக்கிற கண்ணுக்கு இவ்வளவுதானா?

கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்கிற ஆசையைக் குறை சொல்லவில்லை. ஹெல்மெட்டுக்குள் கண்ணாடியை நுழைக்கிற அவஸ்தை, மழையில் வண்டி ஓட்டுகிற அவஸ்தை, டீ குடிக்கும்போது ஆவி படிந்து எதிரில் இருப்பவர் காணாமல் போகிற அவஸ்தை எல்லாம் போட்டவர்களுக்குத்தான் தெரியும். சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு வியர்வையும் தூசியும் சேர்ந்துகொள்ளும். இதெல்லாம் போதாதென்று பெண் பார்க்கப் போன இடத்தில் யாராவது ஒரு அத்தை, "மாப்பிள்ள நல்லாத்தான் இருக்காரு, ஆனா சோடாபுட்டி..." என்று இழுத்திருப்பார். நியாயமான ஆசைதான். ஆசைக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவில் ஒரு பேச்சு இருக்கிறது. டாக்டரோடு உட்கார்ந்து பேசுகிற அந்தப் பதினைந்து நிமிடம். அதற்கு எப்படித் தயாராவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கறித் துண்டில் தொடங்கிய கதை

இந்த வைத்தியத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. இதற்கு அடிப்படை போட்ட மூவரில் ஒருவர் ரங்கசாமி ஸ்ரீநிவாசன். 1929-ல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு அமெரிக்கா போய், ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் வேலை பிளாஸ்டிக் மீது எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சி நுணுக்கமாகச் செதுக்குவது. கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

1981 நவம்பர். அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்துக் கொண்டாடுகிற நன்றி கூறும் நாளுக்கு மறுநாள். வீட்டில் மிஞ்சிய வான்கோழியில் கொஞ்சம் ஆராய்ச்சிக் கூடத்துக்கு எடுத்து வந்தார் ஸ்ரீநிவாசன். நாமாக இருந்தால் டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு போய் மத்தியானம் சாப்பிட்டிருப்போம். அவர் அதன் மேல் லேசரைப் பாய்ச்சினார். வெட்டு, பிளேடால் கீறியதைவிடச் சுத்தமாக விழுந்தது. சுற்றியிருந்த பகுதி கருகவில்லை. சாதாரணப் பச்சை நிற லேசரைப் பாய்ச்சிப் பார்த்தபோது கருகியது. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இரு சகாக்களோடு சேர்ந்து இதை ஆராய்ந்தார்.

காரணம் இதுதான். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புற ஊதாக் கதிர், திசுவின் மூலக்கூறுகளைப் பிணைத்திருக்கும் கட்டை நேரடியாக அறுத்துவிடுகிறது. அறுபட்ட துணுக்குகள் சூட்டையும் தங்களோடு எடுத்துக்கொண்டு பறந்துவிடுகின்றன. பக்கத்தில் இருப்பது வேகாமல் தப்பிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான ஆழம்தான் போகும். இந்த நுணுக்கம் கண்ணுக்கு உதவும் என்று ஸ்டீபன் டிரோகல் என்ற நியூயார்க் கண் மருத்துவர் கண்டுகொண்டு, ஸ்ரீநிவாசனோடு சேர்ந்து 1983-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1988-ல் மார்கரீட் மக்டொனால்ட் என்ற டாக்டரம்மா, பார்வை உள்ள கண்ணில் முதல்முறையாகச் செய்தார். 2013-ல் ஸ்ரீநிவாசன், வின், பிளம் மூவருக்கும் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது.

அப்படி என்னதான் செய்கிறார்கள்?

கண்ணின் கருவிழிக்கு முன்னால், வாட்ச் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் ஒரு மூடி இருக்கிறது. கார்னியா. வெளிச்சத்தை வளைத்து உள்ளே அனுப்புகிற வேலையில் பெரும்பங்கு அதனுடையது. கிட்டப்பார்வைக்காரர்களுக்குப் பெரும்பாலும் கண் உருண்டை கொஞ்சம் நீளமாக இருக்கும். அதனால் பிம்பம் திரையில் விழாமல் முன்னாலேயே விழுந்துவிடும். லேசர் கார்னியாவின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்குகிறது. பிம்பம் பின்னால் நகர்ந்து திரையில் விழுகிறது. கண்ணாடி செய்த வேலையைக் கார்னியாவே செய்கிறது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. மேல்தோலை நீக்கிவிட்டு நேரே செதுக்குவது பி.ஆர்.கே. இரண்டு மூன்று நாள் எரிச்சலும் வலியும் இருக்கும், பார்வை தெளிய நாளாகும். கார்னியாவில் மெல்லிய மூடி ஒன்றை வெட்டி, புத்தக அட்டையைத் திறப்பதுபோல் திறந்து, உள்ளே செதுக்கி, மறுபடி மூடிவிடுவது லேசிக். இது பெரும்பாலும் மறுநாளே தெளிந்துவிடும். மூன்றாவது ஸ்மைல். மூடி எதுவும் திறக்காமல், கார்னியாவுக்கு உள்ளேயே லென்ஸ் வடிவத்தில் ஒரு வில்லையை லேசரால் வெட்டி, சின்னத் துளை வழியாக உருவி எடுத்துவிடுவது.

"எது சார் பெஸ்ட்?" என்று கேட்காதீர்கள். "என் கண்ணுக்கு எது, ஏன்?" என்று கேளுங்கள். அந்த "ஏன்" ரொம்ப முக்கியம்.

ஒரு சின்னக் கணக்கு

பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டவர்கள்கூடப் போட்டுப் பார்க்கலாம்.

கார்னியாவின் தடிமன் சராசரியாக அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். சுமார் 540 மைக்ரான். ஆளுக்கு ஆள் மாறும். லேசிக்கில் மூடிக்குச் சுமார் 110 மைக்ரான் போகும். செதுக்குகிற வட்டத்தின் அகலத்தைப் பொறுத்து, ஒவ்வொரு பவருக்கும் 12 முதல் 15 மைக்ரான் வரை போகும். எல்லாம் போக, அடியில் குறைந்தது 250 மைக்ரான் தொடப்படாமல் மிஞ்ச வேண்டும். 300 மிஞ்சினால் இன்னும் நிம்மதி என்கிற டாக்டர்கள் உண்டு.

உங்கள் தடிமன் 520, பவர் மைனஸ் 6 என்று வையுங்கள். மூடிக்கு 110, செதுக்க 90. மிச்சம் 320. பரவாயில்லை. உங்கள் நண்பரின் தடிமன் 480, பவர் மைனஸ் 9. மூடிக்கு 110, செதுக்க 135. மிச்சம் 235. அவருக்கு லேசிக் கூடாது. இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே ஆபீஸ், ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். "அவனுக்குப் பண்ணாங்களே, எனக்கு ஏன் மாட்டேங்கறீங்க?" என்ற சண்டைக்கு இந்தக் கணக்குதான் பதில்.

மிச்சம் குறைந்தால் என்ன ஆகும்? கண்ணுக்குள் ஓர் அழுத்தம் எப்போதும் இருக்கிறது. வலுவிழந்த கார்னியா அதைத் தாங்காமல் நாளடைவில் முன்பக்கம் புடைத்துவிடலாம். அப்புறம் கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரியாது. நன்றாக இருந்த கண்ணை நாமே கெடுத்துக்கொண்ட கதை. தடிமன் போதுமானதாக இருந்தும், கூம்பு வடிவத்துக்குப் போகிற பலவீனமான கார்னியா சிலருக்கு உண்டு. கெரடோகோனஸ் என்பார்கள். ஆரம்பத்தில் வெளியே தெரியாது. கார்னியாவின் மேடு பள்ளங்களை வரைபடம் எடுக்கிற டோபோகிராபி சோதனையில்தான் மாட்டும். அந்தப் படம் எடுக்காமல் தேதி குறிக்கிற இடமாக இருந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கிளம்புவதற்கு முன்

பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருக்கும். கடந்த ஒரு வருடமாவது பவர் ஏறாமல் நிலையாக இருந்தால்தான் ஆபரேஷனைப் பற்றியே யோசிக்கலாம். பதினெட்டு வயதுக்குள் கூடாது. இருபது வயதிலும் பவர் ஏறிக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காத்திருக்க வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் பரிசோதனைக்கு முன்னால் அதை நிறுத்த வேண்டும். லென்ஸ் கார்னியாவை லேசாக அமுக்கி வைத்திருக்கும். அந்த நிலையில் அளவெடுத்தால் கணக்கே தப்பு. மெத்து லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் அதைவிட நிறைய நாள். எத்தனை நாள் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பரிசோதனை நாளில் பாப்பா விரிய சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரம் பக்கத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும், வெயில் கூசும். காடாம்புலியூரிலிருந்து கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பைக்கில் போய் அப்படியே திரும்பிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். பஸ்ஸில் போங்கள். கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒருத்தர் வரட்டும். அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. டாக்டர் சொல்வதில் பாதியை நீங்கள் பதற்றத்தில் மறப்பீர்கள், மீதியை அவர் ஞாபகம் வைத்துக்கொள்வார்.

மறைக்கக் கூடாதவை

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். இங்கே ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டிய பட்டியல் இது.

கண்ணை அடிக்கடி கசக்குகிற பழக்கம். முந்திரி வறுக்கிற புகை, சுரங்கத் தூசி, அலர்ஜி, காரணம் எதுவாக இருந்தாலும் சரி. விடாமல் கசக்குகிற கண்ணில் கார்னியா பலவீனமாகியிருக்க வாய்ப்பு உண்டு.

குடும்பத்தில் யாருக்காவது கார்னியா கோளாறோ, கருவிழி மாற்று ஆபரேஷனோ நடந்திருக்கிறதா?

சர்க்கரை, முடக்குவாதம், எப்போதாவது கண்ணில் வந்த அக்கி. புண் ஆறுவதில் இவை குறுக்கிடும்.

சாப்பிடுகிற மாத்திரைகள். முகப்பருவுக்காக ஐசோட்ரெடினோயின் சாப்பிடுகிற இளைஞர்கள் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். அது கண்ணை உலர வைக்கிற மருந்து. கட்டாயம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டும் அப்படித்தான்.

கண் உலர்ச்சி. நாள் முழுக்க ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இமைக்க மறந்து உட்காருகிறவர்களுக்கு ஏற்கெனவே கண் வறண்டிருக்கும். ஆபரேஷனில் கார்னியாவின் நரம்புகள் அறுபடுவதால் சில மாதங்களுக்கு வறட்சி அதிகமாகும். சிலருக்கு அதற்குப் பிறகும் நீடிக்கலாம்.

கடைசியாக, உங்கள் வேலையும் விளையாட்டும். இரவில் லாரி, பஸ் ஓட்டுகிறீர்களா? ஆபரேஷனுக்குப் பிறகு எதிரே வரும் ஹெட்லைட்டைச் சுற்றி வளையமும் கூச்சமும் தெரியலாம். பலருக்கு நாளடைவில் குறையும், சிலருக்குப் போகாது. ஊர்த் திருவிழாவில் கபடி ஆடுகிறவரா? லேசிக்கில் திறந்து மூடிய மூடி பழைய பலத்தோடு ஒட்டுவதில்லை. முகத்தில் ஒரு முழங்கை இடித்தால் விலகிவிடலாம். மூடி இல்லாத முறை உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும்

பல ஆஸ்பத்திரிகளில் முதலில் உங்களை ஓர் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். சிரித்த முகமாக, ஹோட்டல் மெனு மாதிரி மூன்று நாலு பேக்கேஜ் காட்டுவார். அவரோடு பேசுங்கள், தப்பில்லை. முடிவை மட்டும், கண்ணில் கை வைக்கப் போகிற டாக்டரோடு பேசாமல் எடுக்காதீர்கள். அன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி என்றால், "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று நழுவுங்கள். புடவைக் கடைக்குத்தான் ஆடித் தள்ளுபடி பொருத்தம்.

கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வெட்கப்பட வேண்டாம். நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார்.

1. என் கார்னியா தடிமன் எவ்வளவு? ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சும்?

2. டோபோகிராபி படத்தில் சந்தேகம் ஏதாவது உண்டா?

3. விழித்திரையின் ஓரங்களைப் பார்த்தீர்களா? ஓட்டை, மெலிவு ஏதாவது? (நீண்ட கண்ணுக்கு விழித்திரைக் கிழிசல் ஆபத்து அதிகம். லேசர் பவரைக் குறைக்கும். கண்ணின் நீளத்தைக் குறைக்காது. அந்த ஆபத்து அப்படியே இருக்கும். கண்ணாடி போனாலும் வருடா வருடம் விழித்திரையைக் காட்ட வேண்டும்.)

4. ஆபரேஷன் செய்யப் போவது நீங்களா, வேறொருவரா? பிறகு ஏதாவது பிரச்னை என்றால் யாரைப் பார்ப்பது?

5. உங்களிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்கு மறுபடி செய்ய வேண்டி வந்தது? எனக்கு வந்தால் அதற்குத் தனியாகப் பணமா?

6. எனக்கு வரக்கூடிய மோசமான விளைவு எது? அது வந்தால் என்ன வைத்தியம்?

7. எத்தனை நாள் லீவு? புழுதியிலும் சூட்டிலும் வேலை செய்கிற எனக்கு எத்தனை நாள்? பம்பு செட்டில் எப்போது குளிக்கலாம்?

8. நாற்பது வயதில் எனக்கு என்ன ஆகும்?

எட்டாவது கேள்வியைக் கேட்கிறவர்கள் குறைவு. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, படிக்கத் தனிக் கண்ணாடி எல்லோருக்கும் வரும். லேசர் அதைத் தடுக்காது. மைனஸ் 2 உள்ள ஒருவர் நாற்பத்தைந்து வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கலாம். லேசர் செய்துகொண்டால் அந்தச் சலுகை போய்விடும். முப்பத்தெட்டு வயதில் போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

கிளம்பும்போது அளவுகள் எழுதிய ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரப்பதிவு ஆபீஸ் கறார் இங்கேயும் தேவை. முப்பது வருடம் கழித்து உங்களுக்குக் கண்புரை ஆபரேஷன் நடக்கும்போது, உள்ளே வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்கிட, லேசருக்கு முந்தைய அளவுகள் உதவும். அந்தத் தாளை ரேஷன் கார்டுக்கு அடியிலேயே வையுங்கள்.

வேலையும் பணமும்

அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பிகள் இந்தப் பத்தியை இரண்டு தரம் படிக்கவும். கண்ணாடி இருந்தால் வேலை கிடைக்காது என்று லேசர் செய்துகொண்டு, லேசர் செய்துகொண்டதாலேயே வேலை போன கதை நடக்கலாம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குரிய ஏ-1 மருத்துவப் பிரிவில் லேசிக் செய்துகொண்டவர்களுக்குத் தகுதி கிடையாது. ராணுவம், விமானப்படை, போலீஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி. சில பதவிகளுக்கு வயதும் இடைவெளியும் பார்த்து ஏற்றுக்கொள்வார்கள், சிலவற்றுக்கு மாட்டார்கள். நீங்கள் எழுதப் போகும் தேர்வின் அறிவிப்பில் மருத்துவத் தகுதிப் பக்கத்தைப் படித்துவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டருக்குக் கண் தெரியும், ரயில்வே விதி தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

"ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருக்கு சார்" என்று நினைப்பவர்களுக்கு: காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது விலக்குப் பட்டியலில், 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைக்கான சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் பவர் மைனஸ் 4 என்றால் பெரும்பாலும் சொந்தப் பணம்தான். பாலிசியைப் பார்த்துவிட்டுப் பட்ஜெட் போடுங்கள்.

"வேண்டாம்" என்று சொன்னால்

எல்லாச் சோதனையும் முடிந்து டாக்டர், "உங்க கண்ணுக்கு லேசர் வேண்டாம்ப்பா" என்று சொல்லலாம். முகம் தொங்கிப் போகும். "இவருக்குத் தெரியலை, வேற எடத்துல பண்ணுவாங்க" என்று நண்பர்கள் உசுப்பேற்றுவார்கள். இன்னொரு டாக்டரிடம் அபிப்பிராயம் கேட்பது தப்பில்லை. ஆனால் "சரி" என்று சொல்கிற ஆள் கிடைக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவது வேறு விஷயம். நூறு வீட்டுக் கதவைத் தட்டினால் ஒரு கதவு திறக்கத்தான் செய்யும். அது உங்களுக்கு நல்ல கதவா என்பதுதான் கேள்வி.

கார்னியா மெலிந்தவர்களுக்கும் பவர் ரொம்ப அதிகமானவர்களுக்கும், கார்னியாவைச் செதுக்காமல் கண்ணுக்குள் கூடுதலாக ஒரு லென்ஸ் பொருத்துகிற ஐ.சி.எல். முறை இருக்கிறது. அதற்கும் தனியாக அளவுகளும் ஆபத்துகளும் உண்டு. அதைப் பற்றியும் கேட்கலாம். இல்லையென்றால் கண்ணாடியே இருந்துவிட்டுப் போகட்டும்.

வேறு ஆபரேஷன்களுக்கு வலி தாங்காமல் போகிறோம், உயிருக்குப் பயந்து போகிறோம். இது நன்றாக இருக்கிற கண்ணில், நம் இஷ்டத்துக்குச் செய்துகொள்வது. செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே அவசரம் எதுவும் இல்லை. இந்த வருடம் தகுதியான கண் அடுத்த வருடமும் அநேகமாகத் தகுதியாகத்தான் இருக்கும். உங்களை அவசரப்படுத்துகிற டாக்டரைவிட, உங்கள் துண்டுச் சீட்டை வாங்கி வரிசையாகப் பதில் சொல்கிற டாக்டரிடம் கண்ணை ஒப்படையுங்கள். அவர் "வேண்டாம்" என்று சொன்னாலும் கொடுத்த பீஸ் வீண் இல்லை.